காக்கா எந்தப் பக்கம் பார்க்கிறது?

இந்த வாரம் கொஞ்சம் பள்ளிக்கூட விஷயம்.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அறிவியல் புத்தகத்தை எடுத்து அதன் கடைசிப் பாடத்தைப் பாருங்கள். 23ஆம் அலகு, பெயர் ‘காட்சித் தொடர்பு’. 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் சேர்ந்தது. ஒளியியல், மின்னோட்டம், மரபியல் எல்லாம் தாண்டி, பரீட்சை வந்துவிட்டதே என்று அவசரமாகப் புரட்டும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. ‘ஸ்கிராச்’ என்ற கணினி மென்பொருளை அதில் அறிமுகம் செய்திருக்கிறார்கள். அதை வைத்துப் பிள்ளைகளே பொம்மைப் படம், அதாவது அனிமேஷன், செய்யலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு இது விளையாட்டாகத்தான் தோன்றும். பொம்மைப் படம் என்றால் நமக்குப் பார்க்கிற சமாச்சாரம். அதை ஏன் வகுப்பில் செய்ய வேண்டும், அதனால் படிப்புக்கு என்ன லாபம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் ஈடுபாடு வந்ததற்கு இரண்டு காரணம்: ஒன்று என் படிப்பு, இன்னொன்று என் உத்தியோகம்.

உத்தியோகத்தை முதலில் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அறிவிப்புப் பலகை என் மேஜைக்கு நேர் எதிரே. வருகிறவர்கள் அதன் முன் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசிப்பார்கள். ஒரு எழுத்துப் பிசகாது. வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “என்ன சார் போட்டிருக்கு?” என்பார்கள். இவர்கள் படிக்காதவர்கள் இல்லை. எட்டாவது, பத்தாவது தேறியவர்கள். கண்ணிலிருந்து வாய்க்குப் போன சொல் நடுவில் எங்கும் இறங்கவில்லை. அதனால் நேர்ந்த நஷ்டம் சின்னதல்ல. கடைசித் தேதி தவறிப்போய் உதவித்தொகை போனவர்கள் உண்டு. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டவர்களும் உண்டு.

இன்றைய நிலைமை என்ன? ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் ‘அசர்’ என்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. வீட்டுக்கே போய், பிள்ளையின் கையில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அதுவும் வாசிப்பது மட்டும்தான். அர்த்தம் புரிந்ததா என்பது அடுத்த படி.

இனி என் படிப்பு. நான் பிறந்தது புதுச்சேரியில், படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடம் பிரெஞ்சிலேயே நடந்தது. அங்கே இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று ‘திக்தே’, அதாவது சொல்வதை எழுதுதல். இன்னொன்று ‘ரெசித்தாசியோன்’, மனப்பாடமாக ஒப்பித்தல். லா ஃபோந்தேன் எழுதிய காக்கையும் நரியும் கதைப்பாட்டு முதலில் வரும். 1668இல் வெளிவந்த தொகுப்பில் உள்ளது. முசே நாற்காலியில் சாய்ந்திருக்க, நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிப்போம். காக்கையின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்தது கிடையாது. வீட்டில் ஆயா அதே கதையைச் சொல்லும்போது அது வடை. இரண்டும் ஒரே கதை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறையை ரூஸோ 1762இலேயே எழுதிவிட்டார். ‘எமில்’ என்ற நூலில் இதே காக்கை நரிப் பாட்டை எடுத்து, வரி வரியாகக் கேள்வி கேட்கிறார். இந்தச் சொல் குழந்தைக்குத் தெரியுமா, இந்த வாக்கிய அமைப்பு விளங்குமா என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு போடு போடுகிறார். பெரியவர்கள் நினைக்கிற நீதியைக் குழந்தை எடுத்துக்கொள்ளாது, ஏமாந்த காக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நரியின் கட்சியில் சேர்ந்துகொள்ளும் என்கிறார். நோயை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் மருந்தை வேறு பக்கம் தேடினார்: சின்ன வயதில் புத்தகமே வேண்டாம் என்றார்.

மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆட்களிடமிருந்து வந்தது.

முதல் ஆள் எமில் ரெய்னோ. 1870களில் பிரான்சின் லெ புய் என்ற ஊரில், விளக்கு வைத்துச் சுவரில் படம் காட்டி, பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தவர். 1877இல் ‘பிராக்ஸினாஸ்கோப்’ என்ற ஒரு சுழலும் கருவியைச் செய்தார். நடுவில் கண்ணாடித் துண்டுகள், சுற்றிலும் காகிதப் பட்டையில் வரைந்த படங்கள். சுழற்றினால் படம் உயிர்பெறும். அதைப் பெரிதாக்கி, 1892 அக்டோபர் 28ஆம் தேதி பாரிஸ் க்ரேவன் மியூசியத்தில் திரையில் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டியதற்கு மூன்று வருஷம் முன்னால். ‘பாவம் பியெரோ’ என்ற அந்தப் படத்துக்கு ஐந்நூறு படங்களைக் கையாலேயே வரைந்து வண்ணம் தீட்டினார். பிறகு சினிமா வந்து அவர் பிழைப்பைக் கெடுத்தது. மனம் வெறுத்துத் தன் படச்சுருள்களில் பெரும்பகுதியை சேன் நதியில் எறிந்துவிட்டார். இன்று உலகம் அக்டோபர் 28ஐ அனிமேஷன் தினமாகக் கொண்டாடுகிறது.

இரண்டாமவர் செலெஸ்தேன் ஃப்ரெனே, ஒரு கிராமத்து வாத்தியார். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டதால், வகுப்பில் நின்று நீண்ட நேரம் பேச அவருக்கு மூச்சு போதாது. பேச முடியாத வாத்தியார் என்ன செய்வார்? பிள்ளைகளை வேலை செய்ய விட்டார். 1924 வாக்கில் பார்-சுர்-லூ என்ற ஊரில் தன் வகுப்புக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதி, எழுத்து எழுத்தாக அச்சுக் கோத்து, அச்சடித்து, தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வரும். அச்சுக் கோக்கிறவன் ஒவ்வொரு எழுத்தையும் கையில் எடுத்தாக வேண்டும், ஓட்டமாகத் தாண்டிப்போக முடியாது. வாசிப்பவன் தெரியாத ஊர்ப் பையன், அவனுக்குப் புரியாவிட்டால் கேட்டு எழுதுவான். அதனால் அர்த்தம் கூடியே தீரும். அவர் இயக்கத்து ஆசிரியர்கள் ‘பாத்தே-பேபி’ என்ற சின்ன சினிமாக் கருவியையும் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். படம் எடுப்பதும் ஒருவகை எழுதுவதுதான் என்ற எண்ணம் அங்கே முளைத்தது.

மூன்றாமவர் நார்மன் மெக்லாரன். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை பார்த்தவர். 1949இல் யுனெஸ்கோ அவரைச் சீனாவின் சிச்சுவான் பகுதிக்கு அனுப்பியது. எழுத்தறியாத கிராமத்தாருக்கு அம்மை குத்துதல், சுகாதாரம் இவற்றைப் படமாகச் சொல்ல உள்ளூர் ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரன் படம் செய்து கொடுப்பதைவிட, அந்த ஊர்க்காரனே செய்வதுதான் எடுபடும் என்பது திட்டத்தின் அடிப்படை. அவர் அங்கிருக்கும்போதே ஆட்சி மாறி, புரட்சிப் படை உள்ளே வந்தது. திரும்பி வந்து 1952இல் அவர் எடுத்த ‘நெய்பர்ஸ்’, அண்டை வீட்டார் இருவரின் எல்லைச் சண்டை. அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே யுனெஸ்கோ வேலையாக இந்தியாவுக்கும் வந்து பயிற்சி கொடுத்தார்.

1960களில் அமெரிக்காவில் இவான் ஆண்டர்சன் என்ற பெண்மணி ‘எல்லோ பால்’ பட்டறையில் சிறு பிள்ளைகளைப் படம் செய்ய வைத்தார். பிரான்சின் ஆன்சி நகரில் 1960 முதல் அனிமேஷன் விழா நடக்கிறது. அங்கே நிக்கோல் சலமோன் பிள்ளைகளுக்கென்றே ஒரு பட்டறையைக் கட்டி வளர்த்தார். அதிலிருந்து இந்தப் பழக்கம் பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பரவியது. கணினி வந்ததும் வேறொரு கிளை. சீமோர் பேப்பர்ட் என்பவர் ஜெனீவாவில் ழான் பியாஜேயிடம் ஆராய்ச்சி செய்து, குழந்தை செய்து பார்த்துத்தான் கற்கிறது என்ற பாடத்தோடு அமெரிக்கா போனார். 1967இல் அவரும் நண்பர்களும் பிள்ளைகளுக்கான ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் வெளியிட்டதுதான் ‘ஸ்கிராச்’. அதுவே நம் பத்தாம் வகுப்புக் கடைசிப் பாடம். லெ புய் ஊர்ச் சுழல் கருவியிலிருந்து நம் பிள்ளையின் புத்தகப் பை வரை வழி ஒன்றுதான்.

நம் ஊரிலும் மண் தயாராகத்தான் இருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில், அட்டைகளை வைத்துச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலி பள்ளியின் முறையைத் தழுவியது. சில வருஷங்களில் மாநிலம் முழுவதும் போனது. வாத்தியாரும் பிள்ளைகளும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்குள் பிழையின்றி வாசிக்க வேண்டும், புரிந்தும் வாசிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதே ஆண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் காட்டி, பிள்ளைகளைப் பேசவும் விமர்சனம் எழுதவும் வைத்தார்கள். தொடக்கத்தில் காட்டிய படங்களில் ஒன்று லமொரீஸ் 1956இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’. அரை மணி நேரப் படம், பேச்சு மிகக் கொஞ்சம். ஆவடிப் பிள்ளைகள் அந்த பாரிஸ் பையனின் பின்னால் ஓடும் பலூனைப் பார்த்தார்கள் என்று செய்தியில் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பார்ப்பது சரி. செய்தால் என்ன ஆகும்? அதை நான் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது நினைவிருக்கும். எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன்னார்வலர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இருபது பிள்ளைகள். நானும் பொழுது போகாமல் போய் ஓரமாக உட்காருவேன். அங்கே நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். திருவள்ளூர் லோக்கல் மாதிரி தடதடவென்று வாசிப்பான், எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டான். முடித்ததும் “யார் வடையை எடுத்தது?” என்றால் முழிப்பான். எனக்கு அந்த அறிவிப்புப் பலகைதான் ஞாபகம் வரும்.

அந்தப் பெண் ஒரு நாள், பாட்டி வடை சுட்ட கதையைப் படமாக எடுக்கலாம் என்றாள். பழைய தினசரி காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், நாலு செங்கல், அதன் மேல் கவிழ்த்து வைத்த அவளுடைய செல்போன். காகிதத்தில் வெட்டிய காக்காவை ஒரு விரற்கடை நகர்த்து, ஒரு போட்டோ. இன்னும் கொஞ்சம் நகர்த்து, இன்னொரு போட்டோ. சினிமாவுக்கு நொடிக்கு 24 படம். பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம், ஐந்து போதும். நாற்பது நொடிக்கு 200 போட்டோ, தலைக்குப் பத்து. குமாஸ்தா கணக்கு நான் போட்டுக் கொடுத்தேன்.

வெட்ட ஆரம்பித்ததுமே தகராறு. காக்கா எந்தப் பக்கம் பார்க்கிறது? நரி கீழே நின்றால் காக்கா குனிய வேண்டாமா? வடையைத் தூக்கும்போது பாட்டி எங்கே? “தண்ணி எடுக்கப் போயிட்டாங்க” என்றாள் ஒரு சிறுமி. “கதையில அப்படி இல்லையே” என்றான் இன்னொருவன். புத்தகத்தை எடுத்துத் திரும்ப வாசித்தார்கள். இல்லைதான். அப்படியானால் நாம்தான் முடிவு செய்ய வேண்டும், கதைக்குப் பொருந்தும்படி. ஒரே பக்கத்தை அன்று அவர்கள் ஆறேழு தடவை வாசித்திருப்பார்கள். வாசி என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் முக்கியம். நரி புகழ்ந்ததும் காக்கா “ரொம்ப நன்றி” என்று சொல்வதாக ஒரு பெண் குரல் கொடுக்க வந்தாள். அலகைத் திறந்து மூடும் வேலை நம் லோக்கல் ரயிலிடம். அவன் கையை அசைக்காமல் நின்றான். “அக்கா, வாயத் தொறந்தா வடை விழுந்துடுமே!” என்றான். எல்லோரும் அமைதியானார்கள். ஆமாம், அந்தக் கதை முழுக்க நரிதான் பேசுகிறது. காக்கா ஒரு வார்த்தை பேச முடியாது. பேசாமல் இருக்கும் வரைதான் அதற்கு வடை. நான் இரண்டு மொழியில் எத்தனையோ தடவை கேட்ட கதை. அதன் முடிச்சு அந்த அலகில் இருக்கிறது என்று எனக்கு யாரும் இப்படிக் காட்டியதில்லை.

சரி, அப்படியானால் படம்தான் புத்தியைத் திறக்கிறதா? இங்கே நம் பூந்தமல்லியை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் விரலால் பிரெய்ல் தடவி வாசிக்கிறார்கள், மேல்நிலைப் பரீட்சை எழுதித் தேறுகிறார்கள். படம் இல்லாவிட்டால் புரியாது என்றால் அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? வேலை செய்வது கண்ணில் படுகிற படமல்ல. வாசிக்கிறவன் தன் மனசுக்குள் எதையாவது கட்டுகிறானா என்பதுதான் கேள்வி. நன்றாக வாசிக்கிறவர்கள் அதை ஓசையில்லாமல் உள்ளே கட்டிவிடுகிறார்கள். கட்டத் தெரியாத பிள்ளைக்கு வெளியே, மேஜை மேல், அட்டையும் கத்தரிக்கோலும் வைத்துக் கட்டிக் காட்டச் சொல்கிறோம். அச்சுக் கோத்த ஃப்ரெனேயின் பிள்ளைகளும் இதைத்தான் செய்தார்கள்.

இதனால்தான் எனக்கு ஒரு கவலையும் உண்டு. இப்போது உயர்நிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ரெடிமேட் பூனையை எடுத்துத் திரையில் ஓடவிட்டு, கலர் மாற்றி, பாட்டுப் போட்டால் பார்க்க ஜோராக இருக்கும். அதில் வாசிப்பு எங்கே? மென்பொருள் படிப்பது வேறு, மென்பொருளை வைத்துப் பாடம் படிப்பது வேறு. நேரமும் பிடிக்கும். நாற்பது நொடிப் படத்துக்கு எங்கள் மாடியில் நாலு சாயங்காலம் ஆனது. பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர் மாதம் ஒரு கதைக்கு மேல் இதைச் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். ஒரு கதையை இப்படிப் பிரித்துப் பார்த்த பிள்ளை அடுத்த கதையைச் சும்மா வாசிக்கும்போதும் ‘அப்போ பாட்டி எங்கே?’ என்று கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால், நாளைக்கு வங்கிப் படிவத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் அது தானாக வரும்.

கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். நம் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை. செல்போனில் ‘ஸ்டாப் மோஷன்’ என்று தேடினால் இலவசச் செயலிகள் கிடைக்கும். சின்னக் கதை போதும், நாலைந்து வரி. என் அனுபவத்தில் இரண்டு விதி. கதையில் இல்லாத எதையும் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது; சந்தேகம் வந்தால் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும். இரண்டாவது, அட்டை வெட்டி, சண்டை போட்டு, சமாதானமாகி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் செல்போனைக் கொடுங்கள். முதலிலேயே கொடுத்துவிட்டால் பிறகு காக்காவும் கிடைக்காது, வடையும் கிடைக்காது.